இந்தப் படத்தை எடுத்தவர் யார்? – மின்னூல் செய்வோருக்கு ஒரு பாடம்

சென்ற வருடம் ரமழானுக்குச் சற்று முன்னர் நான் ஒரு மின்னூல் செய்தேன். பாமன்கடையில் எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் வாழும் உம்மும்மாமாரிடம் நோன்புக் கால நினைவுகளையும் சமையற் குறிப்புகளையும் கேட்டு எழுதினேன். நோன்புக் கஞ்சி, வட்டிலப்பம், கடப்பாசி, பெருநாள் பலகாரங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. அவற்றைத் தட்டச்சுச் செய்து, 17 படங்கள் சேர்த்து, 42 பக்கங்களில் பீடிஎஃப் ஆக்கினேன். வாப்பா அட்டையைப் பார்த்துவிட்டு, "சொந்தமாப் பதிப்பகமே வச்சிட்டீங்களே மகள்" என்று சிரித்தார்.

கடைசிப் பக்கத்தில் நன்றியுரை எழுதினேன். கதை சொன்ன உம்மும்மாமார் அனைவரின் பெயரும், பிழை திருத்தித் தந்த டீச்சரின் பெயரும் அதில் இருந்தன. அதன் கீழே படங்களுக்காக ஒரே ஒரு வரி: "படங்கள்: நன்றி – கூகுள், இணையம்." அதுவே போதுமென்று நினைத்தேன். நான் பார்த்த பல மின்னூல்களிலும் அப்படித்தான் இருந்தது.

நூலை வட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பினேன். ஒரு கிழமைக்குள் அது டோஹாவிலுள்ள சாச்சாவிடமும், அவரது நண்பர்கள் வழியாக லண்டனுக்கும் போய்விட்டது. பத்தாம் நாள் அஸருக்குப் பிறகு பக்கத்து ஒழுங்கை மாமி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கைபேசியில் 19ஆம் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய சட்டியிலிருந்து கஞ்சி அள்ளி ஊற்றும் ஒருவரின் படம் அது. முகம் தெரியாது. கையும் அகப்பையும் எழும் ஆவியும் மட்டுமே தெரியும்.

"மகள், இந்தப் படத்த கூகுளா எடுத்த? இது என்ட மகன் எடுத்த படம். இந்தக் கை அவன்ட வாப்பாட கை."

அந்த மாமா அடுத்த நோன்பு வருமுன்னரே மௌத்தாகிவிட்டார். படம் எடுத்தபோது மகன் ஒன்பதாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தான். குடும்பத்தாருக்கு அவன் அனுப்பிய படம் குழு குழுவாகச் சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தபோது அதில் எவர் பெயரும் இருக்கவில்லை. எடுத்தவர் யாரென்று நானும் கேட்கவில்லை.

மாமி கோபிக்கவில்லை. "நூல்ல இருந்து எடுக்கச் சொல்லேல்ல மகள். அவன்ட பேரப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அன்றிரவு 17 படங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, எங்கிருந்து வந்தது, யார் எடுத்தார் என்று தேட உட்கார்ந்தேன். முடிய இரண்டு கிழமைகள் பிடித்தன. அந்தத் தேடலில் கற்றுக்கொண்டதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூகுள் மூலம் ஆகாது

பொது நூலகத்தில் ஒரு நூலை வாசித்துவிட்டுக் கட்டுரை எழுதுகிறோம். நூலாசிரியரின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் "நன்றி: நூலகம்" என்று மட்டும் எழுதினால் டீச்சர் ஏற்றுக்கொள்வாரா? கூகுள் படத் தேடலும் அப்படித்தான். படம் இருக்கும் இடத்தை அது காட்டுகிறது. படத்தை எடுத்தவர் வேறொருவர். பின்டரெஸ்ட், முகநூல், வட்ஸ்அப் யாவும் படம் கடந்து வரும் வழிகளே.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரைப் பற்றிப் படித்த நமக்கு இது விளங்காத விடயமல்ல. யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று தொடர் அறுபடாமல் மூலம் வரை செல்ல வேண்டும் என்று நம் அறிஞர்கள் எவ்வளவு உழைத்தார்கள்! அந்தக் கண்ணோடு பார்த்தால், "நன்றி: இணையம்" என்பது ஒரு அறிவிப்பாளர்கூட இல்லாத தொடர்.

மூலத்தைக் கண்டுபிடிக்க நான் கையாண்ட வழிகள் எளியவை. முதலில், தேடுபொறியில் தெரியும் சிறிய படத்தைச் சேமிக்காமல், அது வெளியாகியுள்ள பக்கத்துக்கே சென்று கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க வேண்டும். இரண்டாவதாக, கையிலுள்ள படத்தை கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற கருவிகளில் கொடுத்து, அதே படம் வேறு எங்கெங்கு இருக்கிறது என்று தேடலாம். ஆகப் பழைய திகதியும் ஆகப் பெரிய அளவும் உள்ள படம் பெரும்பாலும் மூலத்துக்கு அருகில் இருக்கும். மூன்றாவதாக, வட்ஸ்அப்பில் வந்த படமென்றால் அனுப்பியவரிடமே கேட்க வேண்டும். கமரா ஒரு படத்தோடு சேர்த்துப் பதியும் திகதி, கருவி முதலிய விபரங்களை வட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது நீக்கிவிடுகிறது. ஆகவே கோப்பினுள் தேடிப் பயனில்லை. மனிதரிடம்தான் கேட்க வேண்டும். நான் முதல் நாளே கேட்டிருந்தால், மூன்று பேரைத் தாண்டி அந்தப் பையனிடம் போய்ச் சேர்ந்திருப்பேன்.

நன்றி வேறு, அனுமதி வேறு

பெயரைப் போட்டுவிட்டால் எந்தப் படத்தையும் எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படியே நினைத்திருந்தேன். சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது.

நமது நாட்டில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஒரு படைப்பு உருவான அந்தக் கணத்திலேயே அதற்குப் பாதுகாப்பு உண்டு. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. படைப்பு உயர்ந்ததா சாதாரணமானதா என்பதும் பார்க்கப்படுவதில்லை. புகைப்படமும் அதில் அடங்கும். ஒன்பதாம் தரப் பையன் கைபேசியில் எடுத்த கஞ்சிச் சட்டிப் படத்துக்கும் அதே பாதுகாப்புத்தான்.

சட்டத்தின் 9ஆம் பிரிவு பொருளாதார உரிமைகளைச் சொல்கிறது. படைப்பைப் பிரதி செய்வதும் பொதுமக்களிடம் பரப்புவதும் உரிமையாளரின் அனுமதிக்கு உட்பட்டவை. 10ஆம் பிரிவு தார்மீக உரிமைகளைச் சொல்கிறது. படைப்பாளியின் பெயர் பிரதிகளில் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்பதும், அவரது கௌரவத்துக்குக் கேடாகப் படைப்பைச் சிதைக்கக் கூடாது என்பதும் அதில் வரும். பொருளாதார உரிமையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாலும் இந்த உரிமை படைப்பாளியிடமே இருக்கும். ஆகவே பெயர் போட்டதால் அனுமதி கிடைத்துவிடாது. அனுமதி கிடைத்ததால் பெயரை விட்டுவிடவும் முடியாது.

"படிப்புக்காகத்தானே எடுத்தோம்" என்று கேட்கலாம். 11ஆம் பிரிவில் நியாயமான பயன்பாடு என்ற ஏற்பாடு உண்டு. விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கு அது இடமளிக்கிறது. வகுப்பறையில் காட்டும் ஒப்படையில் ஒரு படத்தை ஒட்டுவதும், உலகம் முழுவதும் பரவும் மின்னூலில் அழகுக்காக அதைச் சேர்ப்பதும் ஒன்றல்ல. என் நூல் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இந்த உரிமை எவ்வளவு காலம் நீடிக்கும்? படைப்பாளியின் வாழ்நாளும், அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும். நாடகப் போட்டிகளுக்காக நாம் செல்லும் கொழும்பு 7 லயனல் வென்ட் அரங்கை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குரியவர் சிறந்த புகைப்படக் கலைஞர். 1900இல் பிறந்து 1944இல் காலமானார். 70 ஆண்டுகள் 2014இல் நிறைவடைந்தன. இன்று அவரது படங்களை எவரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். ஆனாலும் "படம்: லயனல் வென்ட்" என்று எழுதாமல் விடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

இதில் ஒரு பொறி இருக்கிறது. அறிஞர் சித்தி லெவ்வை 1898இல் மறைந்தார். 1885இல் வெளிவந்த அவரது அசன்பே கதையின் மூலபாடம் இன்று பொதுச் சொத்து. ஆனால் அண்மையில் அச்சான ஒரு பதிப்பின் அட்டையை ஓவியர் ஒருவர் வரைந்திருந்தால் அந்த ஓவியம் அவருக்குரியது. கதை பழையது என்பதற்காக அட்டையை எடுத்துவிட முடியாது. எங்கள் வீட்டு அல்பத்திலுள்ள 1962ஆம் ஆண்டுப் படமும் அப்படித்தான். 60 வருடங்கள் கடந்துவிட்டன என்பது மட்டும் போதாது. எடுத்தவர் எப்போது காலமானார் என்பதிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது.

முன்கூட்டியே தரப்பட்ட அனுமதி

ஒவ்வொரு படத்துக்கும் உரியவரைத் தேடிக் கடிதம் எழுதுவது இயலாத காரியம். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 2001இல் தொடங்கப்பட்ட கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற அமைப்பு, படைப்பாளிகள் தாமாகவே முன்கூட்டி அனுமதி கொடுத்து வைப்பதற்கான உரிமங்களை 2002இல் வெளியிட்டது. விக்கிமீடியா கொமன்ஸ் தளத்திலுள்ள பெருந்தொகையான படங்கள் இத்தகைய உரிமங்களில் உள்ளன. அவற்றின் பெயர்களில் வரும் சுருக்க எழுத்துகளை விளங்கிக்கொண்டால் போதும்.

பை – எடுத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

எஸ்ஏ – படைப்பை மாற்றியமைத்தால், மாற்றியமைத்ததையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

என்சி – வணிக நோக்குக்குப் பயன்படுத்தக் கூடாது. இலவச மின்னூலில் இப்படத்தைச் சேர்த்துவிட்டு, பின்னர் அதே நூலை அச்சிட்டு விற்க நினைத்தால் சிக்கல் வரும். ஆகவே முதலிலேயே யோசிக்க வேண்டும்.

என்டி – மாற்றியமைத்து வெளியிடக் கூடாது. அட்டைப்படமாக்கி மேலே தலைப்பு எழுத விரும்புவோர் இதைத் தவிர்ப்பது நல்லது.

சிசி ஸீரோ – எல்லா உரிமைகளையும் படைப்பாளி விட்டுக்கொடுத்திருக்கிறார். பெயர் போடுவது கட்டாயமில்லை. போட்டால் அழகு.

நமக்கு முன்னர் செய்தவர்கள்

மூலம் குறிப்பிடுவது மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவரது பதிப்புகளின் முகவுரைகளைப் புரட்டினால், எந்த ஏட்டுப் பிரதி எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்று எழுதியிருப்பதைக் காணலாம். ஏடு கொடுத்தவர்கள் எல்லோரும் உரையாசிரியர்களோ புலவர்களோ அல்லர். பலர் வீட்டுப் பரணில் ஏட்டைக் காத்து வைத்திருந்தவர்கள் மட்டுமே. அவர்களது பெயரும் நூலோடு நிலைத்துவிட்டது.

மின்னூலுக்கு வந்தால், 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தைச் சொல்ல வேண்டும். தமிழ் இலக்கியங்களைத் தொண்டர்களே தட்டச்சுச் செய்து இலவசமாக வழங்கும் முயற்சி அது. அதன் கோப்பு ஒன்றைத் திறந்தால், நூலின் மின்படிவத்தைத் தந்தவர் யார், தட்டச்சுச் செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று முதலில் வரும். கோப்பை எவரும் பகிரலாம், ஆனால் அந்த முகப்புப் பகுதியை நீக்காமல் பகிர வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. எவ்வளவு தூரநோக்கு! கோப்பு எங்கு போனாலும் உழைத்தவர் பெயர் கூடவே போகிறது.

ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. உரிமையுள்ள எழுத்தாளர்களிடம் அனுமதி பெற்று அவர்களது நூல்களை அது வாசகருக்குத் திறந்து வைக்கிறது. தமிழகத்தில் 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தின் நூல்களில் அட்டைப்படம் செய்தவர், மின்னூலாக்கம் செய்தவர், உரிமம் என்ன என்று தனித்தனியே எழுதுகிறார்கள். நான் என் நூலைத் திருத்தியபோது இந்த மூன்றையும் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தே எழுதினேன்.

எப்படி எழுதுவது?

நல்ல படக்குறிப்பில் நான்கு விடயங்கள் இருக்க வேண்டும். படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், எங்கிருந்து பெறப்பட்டது, எந்த உரிமம் அல்லது யாருடைய அனுமதி. படத்தை நாம் வெட்டியிருந்தால் அல்லது நிறம் மாற்றியிருந்தால் அதையும் ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டும். மாதிரிக்கு:

"வட்டிலப்பம். படம்: (எடுத்தவர் பெயர்). விக்கிமீடியா கொமன்ஸ். உரிமம்: சிசி பை-எஸ்ஏ 4.0. ஓரங்கள் வெட்டப்பட்டுள்ளன."

"பெருநாள் காலை, பாமன்கடை. படம்: நூலாசிரியர்."

"உம்மும்மாவின் திருமணம், 1962. குடும்ப அல்பத்திலிருந்து. படத்தின் பின்புறம் ஸ்டூடியோவின் முத்திரை உள்ளது."

எடுத்தவர் இணையத்தில் புனைபெயர் வைத்திருந்தால் அதையே எழுத வேண்டும். நாமாக ஒரு பெயரை ஊகித்து எழுதக் கூடாது.

மின்னூலுக்கென்று சில கவனிப்புகளும் உண்டு. அச்சு நூலில் படமும் குறிப்பும் ஒரே பக்கத்தில் நிற்கும். கைபேசியில் வாசிக்கும் ஈபப் வடிவில் எழுத்தைப் பெரிதாக்கினால் குறிப்பு அடுத்த திரைக்குத் தள்ளப்படலாம். ஆகவே படத்தின் கீழே எடுத்தவர் பெயரைச் சுருக்கமாகவும், நூலின் இறுதியில் "படங்களின் மூலம்" என்ற பக்கத்தில் முழு விபரத்தையும் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் மூலப் பக்கத்துக்கும் உரிமத்துக்கும் இணைப்புக் கொடுங்கள். தொட்டவுடன் வாசகர் மூலத்துக்குப் போக முடிவது மின்னூலின் தனி வசதி. அச்சு நூலால் அதைத் தர முடியாது.

படத்துக்குச் சொன்னதெல்லாம் ஒலிக்கும் காணொளிக்கும் பொருந்தும். பின்னணியில் ஒரு நஷீதைச் சேர்த்தால் பாடியவர், இயற்றியவர், ஒலிப்பதிவின் உரிமையாளர் என்று மூன்று பேர் இருக்கலாம். எழுத்துருவையும் மறக்க வேண்டாம். நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. எங்கிருந்தோ இறக்கிய எழுத்துரு அப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. செயற்கை நுண்ணறிவு வரைந்த படமென்றால் அதையும் வெளிப்படையாக எழுதுங்கள். இல்லாத ஒரு கஞ்சிச் சட்டியை எங்கள் பள்ளிவாசல் சட்டி என்று வாசகர் நம்பிவிடக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

எடுத்தவரின் அனுமதி கிடைத்தாலும் இன்னொருவர் மீதமிருக்கிறார். படத்தில் இருப்பவர். என் நூலின் ஒரு படத்தில் என் வகுப்புத் தோழிகள் நால்வர் சம்சா மடித்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தது நான்தான். ஆனால் அது முன்பின் தெரியாதவர் கைபேசிகளுக்கெல்லாம் போகும் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. பிறகு நால்வரின் வீட்டாரிடமும் கேட்டேன். மூவர் சம்மதித்தார்கள். ஒரு தோழியின் உம்மா வேண்டாமென்றார். மாவு பிசையும் கைகள் மட்டும் தெரியும்படி படத்தை வெட்டி, அவருக்குக் காட்டிய பின்னரே சேர்த்தேன். பிள்ளைகள் மின்னூலோ காணொளியோ செய்யும்போது, "இதில் இருப்பவர்களிடம் கேட்டாயா?" என்ற ஒரு கேள்வியை நீங்கள் கேட்டால் போதும். சட்டத்தை முழுவதும் படித்திருக்கத் தேவையில்லை.

என் 17 படங்களுக்கு நடந்தது

ஐந்து படங்கள் நானே எடுத்தவை. மூன்று குடும்ப அல்பத்திலிருந்து. அவற்றில் இரண்டை எடுத்தவர் பெரியவாப்பா. கேட்டவுடன் சம்மதித்து, எடுத்த வருடங்களையும் சொன்னார். மூன்றாவது உம்மும்மாவின் திருமணப் படம். ஸ்டூடியோ இப்போது இல்லை. உரியவர்களை விசாரித்தும் கண்டுபிடிக்க முடியாததை அப்படியே எழுதி, எவராவது தொடர்புகொண்டால் ஆவன செய்வோம் என்றும் குறித்தோம். அப்படி எழுதுவது அனுமதிக்கு ஈடாகாது என்பது தெரிந்தே அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டோம்.

நான்கு படங்கள் விக்கிமீடியா கொமன்ஸில் இருந்தன. பெயரும் உரிமமும் சேர்த்தவுடன் சரியாகிவிட்டன. இரண்டு படங்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டியவை என்று தெரிந்தது. நீக்கினேன். ஒன்று பத்திரிகையொன்றில் வந்தது. அனுமதி கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. மௌனத்தைச் சம்மதமென்று எடுத்துக்கொள்ள முடியாதல்லவா? அதையும் நீக்கினேன். வட்ஸ்அப்பில் வந்த இரண்டில் ஒன்றுக்கு உரியவர் கடைசிவரை கிடைக்கவில்லை. அதுவும் போனது. நீங்கிய நான்கு படங்களில் இரண்டின் இடத்தை உம்மும்மாவின் சமையலறையில் நானே எடுத்த படங்கள் நிரப்பின. உண்மையில் அவைதான் நூலுக்குப் பொருத்தமாக இருக்கின்றன.

மீதமிருந்தது 19ஆம் பக்கம். மாமியின் மகனை வீட்டுக்கு அழைத்து, வாப்பாவின் முன்னிலையில் முறையாக அனுமதி கேட்டேன். அவன் வெட்கப்பட்டுத் தலையாட்டினான். பிறகு, "வாப்பாட பேரும் போடலாமா ராத்தா?" என்று கேட்டான். அந்தப் பக்கத்தில் இப்போது எடுத்தவர் பெயரும் உண்டு, கஞ்சி ஊற்றுபவர் பெயரும் உண்டு.

திருத்திய நூலுக்கு "பதிப்பு 1.1" என்று பெயரிட்டு, என்னென்ன மாற்றினேன் என்று முதற் பக்கத்திலேயே எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். ஆனால் முதற் பதிப்பு இன்னும் யார் யாருடைய கைபேசியிலோ இருக்கிறது. கடந்த மாதமும் தூரத்து உறவினர் ஒருவர் அதை எனக்கே அனுப்பி, "நல்ல புத்தகம், வாசித்துப் பாருங்கள்" என்று எழுதியிருந்தார். திறந்தேன். 19ஆம் பக்கத்தில் பெயரில்லாத அந்தக் கை. கடைசிப் பக்கத்தில் "நன்றி – கூகுள்."

அச்சிட்ட நூலில் பிழை இருந்தால் ஒட்டுத்தாள் ஒட்டலாம். மின்னூல் கையை விட்டுப் போனால் திரும்ப அழைக்க முடியாது. ஆகவே தோழியரே, நூலை அனுப்பிய பின் தேடாமல், முதற் படத்தைச் சேமிக்கும் அன்றே ஒரு கொப்பியில் நான்கு கோடுகள் கீறிக்கொள்ளுங்கள்: என்ன படம், யார் எடுத்தது, எங்கிருந்து வந்தது, யார் அனுமதித்தது. இரண்டாவது கட்டம் வெறுமையாக இருக்கும்வரை அந்தப் படம் உங்கள் நூலுக்குள் வர வேண்டாம்.